வீட்டுக்குள் ஒரு பார்: சாடியிலிருந்து ஷோகேஸ் வரை

படப்பை பக்கம் வாங்கின ஃபிளாட்டுக்கு இன்டீரியர் வேலை ஆரம்பித்தபோது, டிசைனர் அனுப்பின டிராயிங்கில் ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவில் ஒரு பெட்டி இருந்தது. நாங்கள் கேட்காதது. பக்கத்தில் "பார் யூனிட், 4 அடி" என்று எழுதியிருந்தது. மேலே கிளாஸ்களைத் தலைகீழாகத் தொங்கவிட ஒரு கம்பி, உள்ளே எல்இடி, கீழே சின்ன ஃப்ரிட்ஜுக்கு இடம். கொட்டேஷனில் 68,000 ரூபாய். ஏன் போட்டீங்க என்று கேட்டேன். "ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்ல இருந்து வர்றவங்க நிறைய பேர் கேக்குறாங்க சார். வேணாம்னா க்ராக்கரி யூனிட்டா மாத்திக்கலாம், அளவு ஒண்ணுதான்" என்றார்.

நான் மாசத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை குடிக்கிறவன். மனைவி தொடமாட்டாள். பையன் எட்டாவது படிக்கிறான். அதனால் "வீட்டில் பார் தேவையா" என்பதை ஐந்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கேள்வி வந்தாலும் அதுக்குப் பின்னாடி என்ன சட்டம், அதுக்கு முன்னாடி என்ன இருந்தது என்று தோண்டிக்கொண்டே போவேன். இரண்டு மாசம் சனி ஞாயிறு அதில் போயிற்று. கார்பென்டர் வேலையும் அந்த இரண்டு மாசம் அந்த இடத்தில் மட்டும் நின்றது.

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். வீட்டில் எத்தனை பாட்டில் வைத்துக்கொள்ளலாம்? தமிழ்நாட்டில் இதற்கென்றே 1996ல் போட்ட விதிகள் இருக்கின்றன, சொந்த உபயோகத்துக்காக மது வைத்திருப்பது பற்றி. தனி ஒருவர் பெர்மிட் இல்லாமல் வைத்திருக்கக்கூடியது: இந்தியாவில் தயாரான விஸ்கி, பிராந்தி, ரம் வகையறா 4.5 லிட்டர், வெளிநாட்டுச் சரக்கு 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். பின்னம் பின்னமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், பாட்டில் கணக்கில் பார்த்தால் சரியாக வரும். ஃபுல் ஆறு, ஃபாரின் ஃபுல் ஆறு, 650 மில்லி பீர் பன்னிரண்டு, ஒயின் பன்னிரண்டு. ஆக 36 பாட்டில். நாலு அடி யூனிட்டில் தாராளமாக அடங்கும். டிசைனர் இந்த விதியைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் அளவு பொருந்தி வந்தது.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? அந்த 36 பாட்டிலில் எவ்வளவு சுத்த ஆல்கஹால் என்று போட்டுப் பார்த்தேன். 42.8 சதவீதத்தில் 9 லிட்டர், 5 சதவீதத்தில் 7.8 லிட்டர், 12 சதவீதத்தில் 9 லிட்டர். மொத்தம் சுமார் 5.3 லிட்டர். ஒரு குவார்ட்டரில் 77 மில்லி. அதாவது கிட்டத்தட்ட 69 குவார்ட்டருக்குச் சமமான சரக்கை ஒரு தமிழன் ஒரே நேரத்தில் சட்டப்படி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ஆமாம், மதுவிலக்குச் சட்டம்தான் இன்னும் அமலில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2023-24ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். மதுவிலக்குச் சட்டத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு சம்பாதிக்க முடிகிறது என்றால், அந்தச் சட்டம் எதை விலக்குகிறது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் பின்னாடி போனேன்.

ரொம்பப் பின்னாடி. பெரும்பாணாற்றுப்படை வரைக்கும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், காஞ்சியை ஆண்டவன். பசியோடு இருக்கும் பாணனிடம், திரையனைப் பார்க்கப் போகிற வழியில் எந்த ஊரில் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. இன்றைக்கு நாம் தொழிற்பேட்டைகளாகப் பார்க்கிற இந்தத் தொண்டை நாட்டின் பழைய ஃபுட் பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. நீர்நிலை ஓரத்து மீனவர்கள். அவர்கள் வீட்டில் என்ன கிடைக்கும்? குற்றாத அரிசியைக் களி போலத் துழாவி வேகவைத்து, வாய் அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைகட்டின தானியத்தின் மாவைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, கையால் பிழிந்து எடுத்த கள். கூடவே சுட்ட மீன்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பாட்டின் அழகைவிட அதில் இருந்த ப்ராசஸ்தான் காரணம். முளைத்த தானியத்தில் உள்ள என்சைம் அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அப்புறம் ஈஸ்ட் அதைச் சாராயச்சத்தாக்கும். இன்றைய பீர் ஃபேக்டரியின் அடிப்படையும் இதுதான். அதை ஒரு மீனவர் வீட்டில் செய்திருக்கிறார்கள், புலவர் படிப்படியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

கவனிக்க வேண்டிய விஷயம், அங்கே சேமிப்பு என்று ஒன்று இல்லை. இரண்டு நாளில் விளையும், வந்தவனுக்கு ஊற்றிவிட்டு மீதியைக் குடித்து முடிக்க வேண்டும், வைத்தால் புளித்துப் போகும். பார் யூனிட் வேண்டுமென்றால் மூன்று விஷயம் நடந்திருக்க வேண்டும். காய்ச்சி வடித்த, கெடாத சரக்கு வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டும். அப்புறம், சாடியை வீட்டிலிருந்து யாராவது எடுத்திருக்க வேண்டும்.

சாடியை எடுத்தவர்கள் காந்தியவாதிகள் என்றுதான் நான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. எடுத்தது வெள்ளைக்காரன், அதுவும் காசுக்காக. 1886ஆம் வருஷத்து மதராஸ் அப்காரி சட்டம். அதன்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் சாராயம் காய்ச்சக்கூடாது, கள் இறக்கக்கூடாது. இறக்குகிற மரத்துக்கு மரவரி. பனை உங்கள் கொல்லையில் நின்றாலும் சரி. சாராயம் பெரிய டிஸ்டிலரிகளில் மட்டும், கடை ஏலத்தில் மட்டும். ராஜதானியின் வருமானத்தில் அப்காரி பெரிய தூண்களில் ஒன்றாக ஆனது. வீட்டில் காய்ச்சுவது ஒழுக்கக்கேடு என்பதால் தடுக்கப்படவில்லை. அந்தப் பானைக்கு வரி போட முடியாது என்பதால் தடுக்கப்பட்டது.

அதே காலத்து மதராஸில் இன்னொரு வகை வீடு இருந்தது. மவுண்ட் ரோடு, அடையாறு பக்கத்துத் தோட்ட பங்களாக்கள். அந்த துரைமார் வீடுகள்தான் நம்ம ஊரின் முதல் ஹோம் பார்கள் என்பது என் கணிப்பு. ஆங்கஸ் மெக்டவல் 1826ல் மதராஸில் ஆரம்பித்த வியாபாரமே அவர்களுக்கு ஒயின், ஸ்பிரிட், சுருட்டு வரவழைத்துக் கொடுப்பதுதான். (அந்தப் பெயர்தான் இன்றைக்கும் டாஸ்மாக் அலமாரியில் இருக்கிறது. 1951ல் விட்டல் மல்லையா அந்தக் கம்பெனியை வாங்கினார்.) பிராந்தியில் போட ஐஸ் வேண்டுமே? அதுவும் வந்தது, அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டின ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதித்து, டியூடர் கம்பெனி கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அதை வைக்க 1842ல் கடற்கரையில் கட்டின கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். சட்டம் அந்த வீடுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த பாட்டில் ஒவ்வொன்றும் கப்பலிலிருந்து சுங்கம் கட்டி இறங்கின பாட்டில்.

ஆக 1900 வாக்கில் கணக்கு இப்படி இருந்தது: வாங்கி வைத்த பாட்டிலுக்கு வீட்டில் இடம் உண்டு, செய்து வைத்த சாடிக்கு இடம் கிடையாது. ஏழை குடிக்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே, கடைக்குத்தான் போக வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ராஜாஜி. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அடுத்தடுத்து சித்தூர், கடப்பா, வடஆற்காடு. அப்காரி வருமானம் போனதை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் கட்டுகிற ஜிஎஸ்டியின் கொள்ளுத்தாத்தா அது. கள்ளை நிறுத்துவதற்காகப் பிறந்த வரி கடைசியில் எல்லாச் சரக்குக்கும் வந்து, 2017ல் ஜிஎஸ்டி ஆனபோது, குடிக்கிற மதுவை மட்டும் அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள். அது மாநிலத்தின் கையிலேயே இருக்கட்டும் என்று. ராஜாஜி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, சுதந்திரத்தை ஒட்டி மறுபடி ஆரம்பித்து, ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளன்று ராஜதானி முழுக்க வந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ சட்டப்படி ஒரு கள்ளுக்கடை கிடையாது. 23 வருஷம்.

ஆனால் அந்த 23 வருஷமும் சட்டப்படி குடித்தவர்கள் இருந்தார்கள். பெர்மிட் வைத்திருந்தவர்கள். வெளிநாட்டவருக்குக் கிடைத்தது. குடிப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது, நிறுத்தினால் ஆரோக்கியம் கெடும் என்று காட்டினவர்களுக்கும் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், அப்படிக் காட்டுவதற்கு ஒரு டாக்டர், ஒரு மனு, ஒரு ஆபீஸ், இங்கிலீஷ் எல்லாம் வேண்டும். மில் தொழிலாளிக்கோ மரமேறிக்கோ அது கிடைக்கிற விஷயம் இல்லை. பெர்மிட்டில் வாங்கினதை வீட்டில்தான் குடிக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பாவிடம் பெர்மிட் இருந்ததாம். பூஜை அறைக்கு நேர் எதிர் மூலையில் பூட்டு போட்ட மர பீரோ, உள்ளே ஒரு பிராந்தி பாட்டில், ஒரே ஒரு கிளாஸ். வீட்டில் அதற்குப் பெயர் "மருந்து பீரோ". பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் பெரியம்மா அதட்டுவாராம். எங்கள் குடும்பத்தின் முதல் பார் யூனிட் அதுதான். எல்இடி மட்டும் இல்லை.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1971ல் கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1973, 74ல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன, 1981ல் எம்ஜிஆர் மறுபடி திறந்தார், 1983ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது, 1987 ஜனவரி முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி தடை, 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இதில் 1987 முக்கியம். மற்ற எல்லாம் மாறி மாறி வந்தாலும் அது அப்படியே நிற்கிறது. பனை நமது மாநில மரம். உங்கள் நிலத்தில் இருக்கிற உங்கள் பனையில் நீங்கள் கள் இறக்கி உங்கள் திண்ணையில் உட்கார்ந்து குடித்தால் குற்றம். பெரும்பாணாற்றுப்படை சாடியை இன்றைக்கு யாராவது விளையவைத்தால் குற்றம். அதே திண்ணையில் ஆறு ஃபுல் விஸ்கி அடுக்கி வைத்தால் குற்றம் இல்லை. 1886ல் போட்ட கோடு அப்படியே இருக்கிறது.

"வீட்டில் காய்ச்சினால் ஜனங்கள் செத்துப் போவார்களே, கள்ளக்குறிச்சியைப் பார்க்கலையா" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பக்கமும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்ததை யாரும் மறக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். ஆனால் அவர்களைக் கொன்றது பானையில் விளைந்த எதுவும் இல்லை. மெத்தனால். தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படுகிற ரசாயனம். நம்ம காரிடரில் வேலை செய்கிறவர்களுக்கு டேங்கர் லாரியில் பார்த்துப் பழக்கமான பொருள். டாஸ்மாக் குவார்ட்டருக்கும் காசு போதாதவர்கள் குடித்த பாக்கெட் அது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் சான்ட்ரோ செய்ய ஆரம்பித்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நடுவில் சேன்ட்-கோபேன், நோக்கியா, பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் வந்தார்கள். அவர்களோடு வேலை பார்த்த நம்ம எஞ்சினியர்கள் சாயங்காலம் சேர்ந்து குடிப்பது வேலையின் ஒரு பகுதி என்ற பழக்கத்தைப் பார்த்தார்கள். நான் முதல் முதலில் ஒரு வீட்டில் ஒழுங்கான பார் கவுண்டர் பார்த்தது 2009ல், ஒரு கொரிய மேனேஜரின் வாடகை வீட்டில். சோஜு பாட்டில்கள் பச்சைப் பச்சையாக. அவர் அதை மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு அன்றைக்கு அதிர்ச்சி. அவர் மனைவி வந்து எங்களோடு உட்கார்ந்து ஒரு சின்னக் கிளாஸ் குடித்தார், குழந்தைகள் பக்கத்தில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் மருந்து பீரோவிலிருந்து வந்த எனக்கு அது வேறு கிரகம்.

அந்த வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இன்னொரு கிரகம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எடுத்திருக்கிற ரூம்கள். ஷிப்ட் மாறி மாறிப் படுக்கிற பாய்கள். ஹவுஸ் ஓனரின் முதல் கண்டிஷனே "ரூம்ல தண்ணி அடிக்கக் கூடாது". அப்போ எங்கே? கடையை ஒட்டிய பாரில், காசு மிச்சம் பண்ணணும் என்றால் ஏரிக்கரையில், சர்வீஸ் ரோடு ஓரத்தில், பிளாஸ்டிக் டம்ளரும் வாட்டர் பாக்கெட்டுமாக. மதுவிலக்குச் சட்டத்தின் 4-ஏ பிரிவுப்படி பொது இடத்தில் போதையில் இருந்தாலே குற்றம். அரசாங்கம் பாட்டிலை விற்கும், ஆனால் அதைக் குடிக்க வீடு இல்லாதவன் அதே அரசாங்கத்தின் சட்டப்படி குற்றவாளி.

எங்கே குடிப்பது என்ற இந்தக் கேள்வியில்தான் கடந்த பத்து வருஷமாகக் கோர்ட்டும் அரசும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கின்றன. 2016 டிசம்பர் 15ல் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சொன்னது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான், வழக்கறிஞர் பாலு நடத்தியது. இந்தக் காரிடர் மொத்தமும் பெங்களூர் நெடுஞ்சாலையையும் வண்டலூர்–வாலாஜாபாத், சிங்கப்பெருமாள்கோவில் ரோடுகளையும் ஒட்டித்தானே இருக்கிறது. 2017 ஏப்ரலில் மாநிலம் முழுக்க 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடின கடைகள் எங்கே போயின? ஊருக்குள். ஆஸ்பத்திரிப் பக்கம், பள்ளிக்கூடத் தெருப் பக்கம். அந்தக் கோடை முழுக்கப் பெண்கள் கடைகளை மறித்தார்கள், திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த வீடியோ எல்லோரும் பார்த்ததுதான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், கடையை மாற்றச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் டவர் போராட்டத்தின்போது இறந்துபோனார். ரோட்டிலிருந்து விரட்டினால் தெருவுக்கு வருகிறது.

2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களை ஆறு மாசத்தில் மூடச் சொன்னார், மதுவிலக்குச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்று. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது, பார்கள் இன்றும் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் நேர் எதிர் திசையில் ஒன்று நடந்தது. விழாக்களில் மது பரிமாற ஒரு சிறப்பு லைசென்ஸ் என்று அரசு விதியைத் திருத்தியது. கல்யாண மண்டபத்திலும் ஊற்றலாம் என்று செய்தி பரவ, ஒரே நாளில் எதிர்ப்பு கிளம்பி, மண்டபமெல்லாம் இல்லை, சர்வதேச விளையாட்டுப் போட்டி, மாநாடு மாதிரி இடங்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர் விளக்கம் கொடுத்தார். வடக்கேயும் இதே கதை. உத்தரப் பிரதேசம் 2021ல் வீட்டில் கூடுதலாக வைக்க வருஷத்துக்கு 12,000 ரூபாய் கட்டணத்தில் லைசென்ஸ் கொண்டுவந்தது. உத்தராகண்ட் 2023 அக்டோபரில் வீட்டிலேயே மினி பார், 50 லிட்டர் வரை என்று ஆரம்பித்து, கிளம்பின எதிர்ப்பில் உடனே நிறுத்திவைத்தது.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஊர்ல குடிக்கிறவன் வீட்டுக்குள்ள வந்து குடிச்சா நல்லதுன்னு சொல்றீங்களா? வெளிய குடிச்சா ரோட்ல விழுவான். உள்ள குடிச்சா யார் மேல விழுவான்?"

என்னிடம் பதில் இல்லை. அவள் அப்பா வழியில் ஒரு சித்தப்பா வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. பெர்மிட் காலத்து வரலாறு படித்துக்கொண்டே போனால் மனுதாரரின் உடல்நலம் பற்றித்தான் பேச்சு வரும். அந்த வீட்டில் இருந்த பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக நான் படித்த எதிலும் இல்லை. ரோட்டில் நடப்பது போலீஸுக்குத் தெரியும், பேப்பரில் வரும். மருந்து பீரோவுக்குப் பக்கத்தில் நடந்தது பெரியம்மாவோடு போய்விட்டது.

அப்போ யாருக்குத்தான் அது லாபம்? காசுக் கணக்கு சுலபம். ஸ்டார் ஹோட்டல் பாரில் மாசம் நாலு தடவை உட்காருகிறவருக்கு, அதே சரக்கு எம்ஆர்பி விலையில் வீட்டில் இருந்தால், 68,000 ரூபாய் ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பிவிடும். ராத்திரி ஒரகடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் குடித்துவிட்டு ஓட்டாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம். இதை நான் லேசாகச் சொல்லவில்லை, அந்த ரோட்டில் வேலைக்குப் போகிறவன். என்னை மாதிரி ஆளுக்குக் கணக்கு தலைகீழ். பிரித்த ஒயின் மூன்று நாலு நாளில் போய்விடும். பீர் ஆறு மாசத்துக்கு மேல் வைக்கிற பொருள் இல்லை. நம்ம ஊர் மே மாச வெயிலில் மூடி வைத்த ஹாலில் எல்லாமே சீக்கிரம் கெடும். விஸ்கி மட்டும் நிற்கும். அப்போ ஒரே ஒரு விஸ்கிக்காக நாலு அடி மரம். பாண்டிச்சேரியிலிருந்து மலிவாக வாங்கி அடுக்கலாம் என்று ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னார். அது தமிழ்நாட்டு வரி கட்டாத சரக்கு, திண்டிவனம் தாண்டுவதற்குள் செக்போஸ்டில் மாட்டினால் வழக்கு. ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம், அதுவும் அந்த 4.5 லிட்டர் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று, கண்ணெதிரே இருந்தால் கை போகும். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. 2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கிறதா? மார்ச் 24 முதல் மே 7 வரை கடையே இல்லை. திறந்த அன்றைக்குக் குடை பிடித்து, டோக்கன் வாங்கி நின்ற வரிசையைப் பார்த்து டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்தவர்களில் பல பேர் வீட்டில் அலமாரி இருந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள் தினமும் குடிக்கிறவர்களாக ஆனது அந்த நாற்பத்தி மூன்று நாளில்தான். அவர்கள் வரிசையில் நிற்கவே இல்லை.

கார்பென்டர் அண்ணன் போன வாரம் மறுபடி கேட்டார், "சார், அந்த இடம் என்ன பண்றது? பிளைவுட் வெட்டியாச்சு." அவர் திருவண்ணாமலைப் பக்கம், இங்கே சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். இந்த வருஷம் மட்டும் பதினோரு பார் யூனிட் செய்திருக்கிறாராம். "உங்க ஊர் வீட்ல ஒண்ணு செஞ்சுக்கலையாண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "எங்க வீட்ல ரெண்டு பனை நிக்குது சார். அதுல இறக்குனா கேஸு. இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

மூன்று தட்டு போடச் சொன்னேன். இரண்டு மனைவியின் பீங்கான் தட்டுகளுக்கு. மேல் தட்டு ஒன்றரை அடி அகலம், கதவு உண்டு, பூட்டு வேண்டாம். எல்இடியை டிசைனரிடம் சொல்லிக் கழித்துக்கொண்டோம், 4,200 ரூபாய் குறைந்தது.